20 சதவீதம் என்று யார் முடிவு செய்தது?

செல்களை வளர்த்துச் செய்த ஆய்வுக் கட்டுரை ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய், சர்க்கரை வியாதி, முடி கொட்டுவது, எதைப் பற்றியதாக இருந்தாலும் பரவாயில்லை. உள்ளே "செய்முறை" என்ற பகுதிக்குப் போனால் ஒரு வரி கண்ணில் படும். செல்கள் 37 டிகிரி வெப்பத்தில், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடில் வளர்க்கப்பட்டன. உலகம் முழுக்க இதே வரி, இதே வரிசையில். (காப்பி பேஸ்ட் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், வேண்டாம்.) வளர்ப்புத் திரவம் எந்தக் கம்பெனி, அதில் கலந்த சீரம் எந்தக் கம்பெனி, பிளாஸ்டிக் தட்டு எந்தக் கம்பெனி என்று எல்லாம் எழுதியிருப்பார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் எழுதியிருக்க மாட்டார்கள். ஆக்சிஜன் எவ்வளவு?

உயிரோடு இருக்கிற எதற்கும் முதல் தேவை ஆக்சிஜன்தானே, அதை எப்படி விட்டார்கள் என்று யாருக்கும் தோன்றும். விட்டுவிட்டார்கள் என்பதுதான் நிஜம். சவுதி அரேபியாவின் கௌஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியான கட்டுரைகளைக் கட்டுக்கட்டாகப் புரட்டிப் பார்த்து, செல் வளர்க்கும் சூழலை அளப்பதும் எழுதுவதும் பரவலாக அலட்சியப்படுத்தப்படுகிறது என்று 2021ல் நேச்சர் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இதழில் எழுதினார்கள். காமர்ஸ் பாஷையில் சொன்னால், தொடக்க இருப்பே எழுதாத கணக்குப் புத்தகம். அதை வைத்து லாபமா நஷ்டமா என்று கடைசிப் பக்கத்தில் அடித்துச் சொல்கிறார்கள். எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா?

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. உடலிலிருந்து செல்களைப் பிரித்து எடுத்து, சத்துள்ள திரவத்தில் போட்டு, இன்குபேட்டர் என்ற சூடான பெட்டிக்குள் வைத்தால் அவை வளரும். 1907ல் ராஸ் ஹாரிசன் தவளையின் நரம்பு வெளியே வளர்வதைக் காட்டினார். 1951ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் புற்றுக்கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்த செல்கள் ஹீலா என்ற பெயரில் இன்றுவரை வளர்ந்துகொண்டிருக்கின்றன. மருந்து, தடுப்பூசி, நச்சுப் பரிசோதனை என்று எல்லாவற்றுக்கும் இந்த வளர்ப்புத் தட்டுதான் முதல் படி. இதில் தேறாத மருந்து எலிக்கே போகாது, அப்புறம்தானே மனிதன்.

அந்தப் பெட்டியில் கார்பன் டை ஆக்சைடை ஏன் 5 சதவீதத்தில் பிடித்து வைக்கிறார்கள்? செல்லுக்காக என்று நினைத்தால் தப்பு. திரவத்துக்காக. திரவத்தில் பைகார்பனேட் இருக்கிறது. மேலே அந்த வாயு சரியான அளவில் இருந்தால்தான் அமிலத்தன்மை நிலையாக நிற்கும். தவறினால் திரவத்தில் கலந்திருக்கும் ஃபீனால் ரெட் என்ற சாயம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பக்கம் மஞ்சள், இன்னொரு பக்கம் ஊதா. காலையில் வந்து கதவைத் திறக்கிற மாணவனுக்குத் தூரத்திலிருந்தே தெரியும், ஏதோ கோளாறு என்று.

ஆக்சிஜன் கூடினாலும் குறைந்தாலும் எந்தச் சாயமும் நிறம் மாறுவதில்லை. செல்லும் உடனே சாவதில்லை. கண்ணுக்குத் தெரியாத தவறை யாரும் தேடவில்லை, அவ்வளவுதான் வரலாறு. இன்குபேட்டருக்குள் என்ன ஆக்சிஜன் இருக்கிறது என்றால், அந்த அறையில் என்ன காற்று இருக்கிறதோ அது. யாரும் உட்கார்ந்து யோசித்து 20 சதவீதம் என்று தேர்ந்தெடுக்கவில்லை. கதவைத் திறந்தார்கள், காற்று உள்ளே போனது, அதுவே விஞ்ஞானம் ஆகிவிட்டது!

சரி, அந்த 20 ஆவது உண்மையா? அதுவும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பத்தாம் வகுப்புக் கணக்குதான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். 37 டிகிரியில் ஈரம் நிறைந்த பெட்டியில் நீராவி மட்டும் 47 மி.மீ. எடுத்துக்கொள்ளும். மீதி 713. அதில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு போனால் 677. அதில் 20.95 சதவீதம் ஆக்சிஜன், ஆக 142 மி.மீ. மொத்த அழுத்தமான 760ல் இது 18.6 சதவீதத்தை ஒட்டி வரும். ஆக "20 சதவீதம்", "21 சதவீதம்" என்று எழுதுகிற கட்டுரைகள்கூட அளந்து எழுதவில்லை, பள்ளிக்கூடப் பாடத்தில் படித்ததை ஞாபகத்திலிருந்து எழுதுகின்றன.

இதுவும் கடலோரத்துக்குத்தான். மலை ஏறினால் அழுத்தம் குறையும், எண்ணும் குறையும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதே கணக்கைப் போட்டால் கடல் மட்ட அளவில் 16.6 சதவீதம் பக்கம் வருகிறது. மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரம், அங்கே 14 சதவீதம்தான். மூன்று ஊரிலும் ஆய்வகங்கள் இருக்கின்றன. மூன்றிலும் அதே வரியை எழுதுகிறார்கள். பிறகு, "அவர்களுக்கு வந்த முடிவு எங்களுக்கு வரவில்லையே" என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

18.6 ஆகட்டும் 20 ஆகட்டும், செல் உடம்புக்குள் இருந்தபோது எவ்வளவைப் பார்த்தது? வெளிக்காற்றில் ஆக்சிஜன் 160 மி.மீ. மூச்சை இழுத்து நுரையீரலின் காற்றுப்பைக்கு வரும்போதே 100 ஆகிவிடுகிறது. தமனி ரத்தத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. திசுக்களைச் சுற்றிவிட்டுத் திரும்பும் சிரை ரத்தத்தில் 40, அதாவது சுமார் 5 சதவீதம். பெரும்பாலான திசுக்களின் செல்கள் இந்தக் கடைசி எண்ணுக்குப் பக்கத்திலோ அதற்கும் கீழேயோதான் குடும்பம் நடத்துகின்றன. எலும்பு மஜ்ஜையில் இன்னும் மோசம். உயிருள்ள எலியின் மஜ்ஜைக்குள் நேரடியாக அளந்து 2014ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். 32 மி.மீ.க்கு மேல் போகவே இல்லை, சில இடங்களில் 10 மி.மீ. வரை, அதாவது 1.3 சதவீதம் வரை இறங்கியிருந்தது. மோசம் என்று சொன்னதே தப்பு. அதுதான் அந்தச் செல்லின் வீடு, அங்கே அது சௌக்கியமாக இருக்கிறது.

அந்த வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டுவந்து 18.6 சதவீதத்தில் போட்டுவிட்டு அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். "நார்மாக்சியா". அதாவது இயல்பான ஆக்சிஜன். ஏதோ ஒரு நல்ல மனிதர் செல்லை அதன் சொந்த அளவான 5 சதவீதத்தில் வளர்த்தால் அதற்குப் பெயர் "ஹைப்பாக்சியா", ஆக்சிஜன் பற்றாக்குறை! மீனைப் பிடித்துத் தரையில் போட்டுவிட்டு அதை இயல்பு நிலை என்றும், திரும்பத் தண்ணீரில் விட்டால் "ஈரப் பாதிப்பு" என்றும் எழுதுகிற மாதிரி. பெயர்தானே என்று விட முடியாது. ஒப்பிடும்போது எது அடிப்படை, எது மாற்றம் என்பதைப் பெயர்தான் தீர்மானிக்கிறது. அடிப்படை ஆண்டையே தப்பாக வைத்துக்கொண்டு விலைவாசிக் குறியீடு போட்டால் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைக்கும்.

செல்லுக்கு இது தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கவே செல்லுக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஹிஃப் என்ற புரதத்தைச் செல் ஓயாமல் தயாரிக்கும். ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் அதில் ஒரு அடையாளம் ஒட்டப்பட்டு உடனே அழிக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் ஒட்டப்படாது, புரதம் சேரும், மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் விழித்துக்கொள்ளும். ரத்தச் சிவப்பணு உற்பத்தி, புது ரத்தக்குழாய், சர்க்கரையை எரிக்கும் விதம் எல்லாம் மாறும். இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசுக்குக் கை தட்டிவிட்டு, மறுநாள் காலையில் அதே ஆய்வகங்களில் அதே அறைக்காற்றில் செல்லை வளர்க்கப் போனார்கள்.

இதனால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்கிறவர்களுக்கு எலி செல்லின் கதையைச் சொல்ல வேண்டும்.

மனித செல்கள் தட்டில் சுமார் 50 முறை இரட்டித்துவிட்டு நின்றுவிடும் என்று ஹேஃபிளிக், மூர்ஹெட் இருவரும் 1961ல் காட்டினார்கள். குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் தேய்ந்து, தீர்ந்துபோவதுதான் காரணம் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் எலி செல்கள்? எலிக்கு டெலோமியர் நம்மைவிட நீளம். இருந்தும் அதன் செல்கள் தட்டில் கொஞ்ச முறையே பிரிந்துவிட்டுப் படுத்துவிடும். பிறகு அதில் சில மட்டும் தடம் மாறி, சாவே இல்லாமல் வளர ஆரம்பிக்கும். 1963ல் டொடாரோவும் கிரீனும் உருவாக்கிய புகழ்பெற்ற 3டி3 செல் இப்படிப் பிறந்ததுதான். எலியின் இயல்பே அது, அதனால்தான் எலிக்குச் சீக்கிரம் வயதாகிறது, புற்றுநோயும் வருகிறது என்றெல்லாம் இதற்கு விளக்கங்கள் வந்தன.

2003ல் கலிஃபோர்னியாவில் ஜூடித் கேம்பிசியின் குழு ஒரு எளிய காரியம் செய்தது. அதே எலி செல்லை 3 சதவீத ஆக்சிஜனில் வளர்த்தார்கள். செல்கள் படுக்கவே இல்லை, பிரிந்துகொண்டே போயின. 20 சதவீதத்தில் வளர்த்த எலி செல்களின் டிஎன்ஏ-வில் சேதம் குவிந்திருந்தது. மனித செல்லைவிட எலி செல்லுக்கு அந்தச் சேதத்தைத் தாங்கும் சக்தி குறைவு. ஆக, அது முதுமை இல்லை, தீக்காயம். நாற்பது வருஷமாக இன்குபேட்டரின் கோளாறை எலியின் தலைவிதி என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

இதில் கொடுமை என்னவென்றால், 1977லேயே லெஸ்டர் பாக்கரும் ஃபியூரும் ஆக்சிஜனைக் குறைத்தால் மனித செல்கள் தட்டில் அதிக காலம் வாழ்கின்றன என்று எழுதியாயிற்று. எழுதியது ஏதோ மூலையில் இருந்த பத்திரிகையிலும் இல்லை, நேச்சரில். யாரும் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. படித்தார்கள், இன்குபேட்டரை மட்டும் மாற்றவில்லை.

எலியை விடுங்கள், மனிதர்களுக்கு வருவோம். தொப்புள்கொடி ரத்தத்தில் ரத்த ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. 1988ல் பாரீசில் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அதைச் செலுத்திக் காப்பாற்றினார்கள். அந்த வேலையில் பெரும் பங்கு இருந்தவர் அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த ஹால் பிராக்ஸ்மேயர் (2021ல் காலமானார்). இந்த வைத்தியத்தின் பெரிய தலைவலி, ஒரு கொடியில் கிடைக்கிற ஸ்டெம் செல்கள் பெரியவர் ஒருவருக்குப் போதாமல் போவது. 2015ல் அவரது குழு செல் இதழில் எழுதியதைக் கேட்டால் வயிறு எரியும். கையுறை பொருத்திய, 3 சதவீத ஆக்சிஜன் மட்டுமே உள்ள அடைத்த அறைக்குள் வைத்து எலி மஜ்ஜையையும் மனிதத் தொப்புள்கொடி ரத்தத்தையும் எடுத்தார்கள். பிரித்தது, எண்ணியது எல்லாம் அதற்குள்ளேயே. பயன்படுத்திய திரவமும் பாத்திரமும்கூட முன்கூட்டியே அதே 3 சதவீதத்தில் வைத்தவை. கிடைத்த நீண்டகால ஸ்டெம் செல்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு. காற்று பட்ட சிறிது நேரத்திலேயே ஸ்டெம் செல்கள் அந்தத் தன்மையை இழந்துவிடுகின்றன என்பதுதான் அவர்கள் சொன்னது. அதாவது செல்கள் குறைவாக இருக்கவில்லை, எடுக்கும்போதே தொலைத்திருக்கிறார்கள். இது ஆய்வக முடிவுதான், நோயாளிகளிடம் நிரூபித்தது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அதுவரை உலகில் எந்த ஆய்வகத்தில் எண்ணிய எண்ணை நம்புவது?

சோதனைக்குழாய் குழந்தை விஷயத்தில் நோயாளிகளிடமே பார்த்தாயிற்று. பாலூட்டிகளின் கருக்குழாயில் ஆக்சிஜன் 2லிருந்து 8 சதவீதம்தான். எலிக் கருக்கள் 5 சதவீதத்தில் நன்றாக வளர்கின்றன என்பது 1970களிலேயே தெரியும். லூயிஸ் பிரவுன் பிறந்தது 1978ல். அப்புறமும் உலகில் எத்தனையோ மருத்துவமனைகளில் கருவை அறைக்காற்றில்தான் வளர்த்தார்கள். 2012ல் காக்ரேன் அமைப்பு ஏழு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. அறைக்காற்றில் 30 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறக்கும் இடத்தில், ஆக்சிஜனைக் குறைத்தால் அது 32க்கும் 42க்கும் நடுவில் இருக்கும் என்று கணக்குச் சொன்னது. இன்று பல இடங்களில் 5 சதவீதத்துக்கு மாறிவிட்டார்கள், நல்லது. அதற்குள் நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, தோற்றுப்போய், தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று நினைத்து வீட்டுக்குப் போன பெண்களில் எத்தனை பேருக்குக் குறை பெட்டியில் இருந்தது?

இன்னொரு பக்கம், "கிரீன் டீ புற்றுநோய் செல்லைக் கொல்கிறது", "திராட்சைத் தோலில் இளமை" வகையறா செய்திகள். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் படிக்காதவர் யார்? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பாரி ஹாலிவெல்லும் சகாக்களும் 2000த்தில் தேயிலைச் சத்துகளைச் செல்லே இல்லாத வெறும் வளர்ப்புத் திரவத்தில் கலந்து பார்த்தார்கள். அவை ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடு கிளம்பியது. வெள்ளைக்காரிகள் தலைமுடியைப் பொன்னிறமாக்கப் போடுகிற அதே சரக்கு! அதைக் குடித்த செல் சாகாமல் என்ன செய்யும்? தேயிலை கொன்றது என்று எழுதிவிட்டார்கள் (டீத்தூள் கம்பெனிக்குக் கொண்டாட்டம்). வளர்ப்புத் தட்டில் நடக்கும் ஆக்சிஜனேற்றச் சேதத்தை யாரும் கண்டுகொள்வதில்லை என்று ஹாலிவெல் 2003ல் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார்.

இவ்வளவும் படித்துவிட்டு, "அப்படியானால் விலை உயர்ந்த இன்குபேட்டர் வாங்கி, நைட்ரஜன் விட்டு, 5 என்று பட்டனை அழுத்திவிட்டால் முடிந்தது" என்று கிளம்புகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களையும் சும்மா விடக் கூடாது. அவர்கள் செய்வதும் அதே தப்புதான், கொஞ்சம் பணக்காரத் தப்பு.

பெட்டியின் முகப்பில் தெரிகிற எண் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் எண். செல் காற்றில் இல்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் திரவத்துக்கு அடியில், தட்டின் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே இருக்கும் ஆக்சிஜன் அந்தத் திரவத்தின் வழியே மெதுவாக ஊடுருவித்தான் கீழே வர வேண்டும். உடம்பில் ஒரு லிட்டர் தமனி ரத்தம் சுமார் 200 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கிறது. அதில் வெறும் 3 மில்லிதான் திரவத்தில் கரைந்திருப்பது, மற்றதெல்லாம் ஹீமோகுளோபின் முதுகில். வளர்ப்புத் திரவத்தில் ஹீமோகுளோபின் கிடையாது. ஆகவே உடம்பில் அழுத்தம் குறைவு, கையிருப்பு ஏராளம். தட்டில் அழுத்தம் அதிகம், கையிருப்பு சொற்பம். கடைத்தெருவில் ஒரே ஒரு மூட்டை அரிசியை வைத்துக்கொண்டு இருக்கும் வியாபாரி மாதிரி. வாங்க ஆள் இல்லாதவரை குவிந்துகிடக்கும், பசித்த கூட்டம் வந்தால் ஒரு மணி நேரத்தில் காலி.

செல்லும் அப்படித்தான். தட்டில் ஆங்காங்கே நாலு செல் இருந்தால், அவை பெட்டியின் 18.6 சதவீதத்தையே கிட்டத்தட்ட முழுதாக அனுபவிக்கும், உடம்பில் கண்டதைவிடப் பல மடங்கு. அதே பெட்டியில், அதே தட்டில் ஈரல் செல்களை நெருக்கி அடைத்தால், அவை குடிக்கிற வேகத்துக்கு ஆக்சிஜன் கீழே வந்து சேராது. மேலே 18.6, கீழே கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரே எண்ணை எழுதிக்கொண்டு ஒருவன் செல்லைச் சுடுகிறான், இன்னொருவன் மூச்சுத்திணற வைக்கிறான்.

2024ல் எம்போ ஜர்னலில் வந்த ஒரு ஆய்வு இதைத்தான் காட்டியது. கொழுப்புச் செல்களை வழக்கமான இன்குபேட்டரிலேயே வைத்தார்கள். செய்தது ஒன்றுதான், மேலே நிற்கும் திரவத்தைக் குறைத்தார்கள். ஆழம் குறைந்தது, ஆக்சிஜன் கீழே எட்டியது, செல்லின் குணமே மாறிவிட்டது. லாக்டேட்டைக் கொட்டிக்கொண்டிருந்தவை சர்க்கரையை ஒழுங்காக எரிக்க ஆரம்பித்தன. கொழுப்புச் செல் செய்ய வேண்டிய வேலைகளைக் கூடுதலாகச் செய்தன. இத்தனை வருஷம் கொழுப்புச் செல் என்று நினைத்துப் படித்ததில் எவ்வளவு மூச்சுத்திணறிய கொழுப்புச் செல்லோ! இந்தச் செல்களைக் கொண்டுபோய் 5 சதவீதப் பெட்டியில் வைத்துவிட்டு "உடலுக்கு இணையான சூழல்" என்று எழுதினால் என்ன ஆகும்? நினைத்துப் பாருங்கள்.

இதோடு நிற்கவில்லை. புதிதாக ஊற்றும் திரவம் பாட்டிலிலிருந்து வரும்போது அறைக்காற்றின் ஆக்சிஜனோடுதான் வருகிறது, அது இறங்க மணிக்கணக்கில் ஆகும். பிளாஸ்டிக் தட்டே ஆக்சிஜனை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். திரவம் மாற்றத் தட்டை வெளியே எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. பக்கத்து மேஜைக்காரன் தன் தட்டைத் தேடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போன் பேசினால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து.

இனி எதிர்த்தரப்பு வாதங்கள். முதலாவது செலவு. நைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்துகொண்டே இருக்கும், ஆக்சிஜனைக் குறைக்கும் இன்குபேட்டர் விலை அதிகம், சின்ன ஆய்வகத்துக்குக் கட்டுப்படியாகாது. நியாயமான வாதம்தான். ஆனால் மேலே போட்ட 142 மி.மீ. கணக்குக்கு என்ன செலவு? எத்தனை மில்லி திரவம், எவ்வளவு பரப்புள்ள தட்டு, எத்தனை செல் என்று எழுத என்ன செலவு? திரவத்தைக் குறைத்து ஊற்றினால் காசு மிச்சமே ஆகும். தட்டின் அடியில் ஒட்டி ஒளியால் ஆக்சிஜனை அளக்கும் சின்னச் சின்ன உணரிகள் சந்தையில் கிடைக்கின்றன. இன்குபேட்டரே வாங்க முடியாதவர்கள்கூடத் தன் செல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொள்ள விருப்பமில்லாததற்குப் பணத்தைக் காரணம் காட்டக் கூடாது.

இரண்டாவது, இத்தனை வருஷ ஆய்வும் அறைக்காற்றில் செய்தது, இப்போது மாற்றினால் எதோடு ஒப்பிடுவது? இதற்குக் காமர்ஸ்காரர்களிடம் பதில் இருக்கிறது. இந்தியாவில் 2016 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகள் இன்ட் ஏஎஸ் என்ற புதுக் கணக்கு முறைக்கு மாற வேண்டியிருந்தது. பழைய கணக்கோடு ஒப்பிட முடியாதே என்று யாரும் அழுதுகொண்டு நிற்கவில்லை. முந்தைய வருஷக் கணக்கைப் புது முறையில் ஒரு தடவை திருப்பி எழுதி, பக்கத்தில் பக்கம் வைத்து வித்தியாசத்தைக் காட்டினார்கள். முக்கியமான சோதனை நாலை இரண்டு அளவிலும் செய்து காட்டினால் இங்கேயும் தீர்ந்தது. முடிவு மாறவில்லை என்றால் பழையது தப்பித்தது. மாறினால்? மாறினால் என்ன ஆகும் என்ற பயம்தான் இந்த வாதத்தின் அடியில் இருக்கிறது.

மூன்றாவது, ஹீலா போன்ற செல்கள் பல தலைமுறைகளாகக் காற்றிலேயே வளர்ந்து பழகிவிட்டன, அவற்றைப் போய் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? செய்ய வேண்டாம். ஆனால் அப்படிப் பழகிய செல்லை வைத்துக்கொண்டு உடலுக்குள் இருக்கும் கட்டியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். கட்டியின் நடுவில் ஆக்சிஜன் சொற்பம். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கதிரியக்கத்தால் கொல்ல, மூன்று மடங்கு வரை அதிகக் கதிர் தேவைப்படும். இது 1953ல் கிரேயும் சகாக்களும் எழுதியதிலிருந்து கதிர்வீச்சு வைத்தியம் செய்கிற எல்லோருக்கும் தெரியும். அடுத்த கட்டடத்தில் மருந்து சோதிக்கிறவருக்கு மட்டும் தெரியாது போலிருக்கிறது.

நாலாவது வாதம்தான் கேட்கவே வேடிக்கை. எந்தத் திசுவுக்கு எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியாதாம், அதனால் எந்த எண்ணை வைப்பது என்று குழப்பமாம். லண்டன் கிங்ஸ் காலேஜின் கீலியும் மானும் 2019ல் இதுவரை அளந்ததையெல்லாம் திரட்டி ஃபிசியாலஜிக்கல் ரிவ்யூஸ் இதழில் போட்டாயிற்று. சரி, இன்னும் சந்தேகம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். தோலின் வெப்பம் 37 டிகிரி இல்லை, விரையின் வெப்பமும் 37 இல்லை. அதற்காக இன்குபேட்டரின் சூட்டை அணைத்துவிட்டு, அறை வெப்பமே போதும் என்று யாராவது செல் வளர்க்கிறார்களா? வெப்பத்துக்கு இல்லாத குழப்பம் ஆக்சிஜனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

பத்திரிகைகளும் இதில் சேர்த்திதான். விலங்குகளைத் துன்புறுத்தவில்லை என்று சான்றிதழ் கேட்கிறார்கள், யாரிடம் பணம் வாங்கினாய் என்று கேட்கிறார்கள், படத்தின் தெளிவு இத்தனை புள்ளி இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்புகிறார்கள். செல் மட்டத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் சேர்த்து, காலியாக விட்டால் கட்டுரை நகராது என்று வைத்தால் அடுத்த மாதமே எல்லா ஆய்வகத்திலும் உணரி வந்துவிடும். மானியம் கொடுக்கிற அரசாங்கத் துறைகளும் இதையே கேட்கலாம், வரிப்பணம்தானே.

அந்தப் பழைய வரியைத் தூக்கி எறியக்கூட வேண்டாம். 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, பெட்டியில் ஆக்சிஜன் இத்தனை மி.மீ., திரவத்தின் ஆழம் இவ்வளவு, ஒரு சதுர செ.மீ.க்குச் செல்கள் இத்தனை, செல் மட்டத்தில் அளந்த ஆக்சிஜன் இத்தனை மி.மீ. இருக்கிற வரியைவிட ஒன்றரை வரி அதிகம், அவ்வளவுதான்.